ரத்தத்துக்குள் வரும் பூஞ்சை: அதை எப்படி எண்ணுகிறார்கள்?

ஐசியுவில் இருக்கும் ஒரு நோயாளிக்குக் காய்ச்சல் விடவில்லை. ஆன்டிபயாட்டிக்கை மாற்றிப் பார்த்தாயிற்று. மறுபடியும் ரத்தம் எடுத்து பிளட் கல்ச்சருக்கு அனுப்புகிறார்கள். ஆய்வகத்தில் அந்த ரத்தம், ஊட்டக் கரைசல் நிரப்பிய சின்னப் புட்டிகளில் இருக்கும். உடல் சூட்டிலேயே வைத்து, மெல்ல ஆட்டிக்கொண்டே இருக்கும் ஒரு கருவிக்குள் புட்டிகளை அடுக்குவார்கள். உள்ளே ஏதாவது நுண்ணுயிர் பெருகினால் அது மூச்சுவிடும். கரியமில வாயு சேரும். கருவி அதைக் கண்டுகொண்டு ஒலி எழுப்பும்.

பாக்டீரியா என்றால் பெரும்பாலும் ஒரு நாளுக்குள் தெரிந்துவிடும். இந்தப் புட்டிக்கு இரண்டு நாள் ஆகிறது. ஒரு சொட்டு எடுத்துக் கண்ணாடித் தகட்டில் தடவி, சாயம் ஏற்றி, நுண்ணோக்கியில் பார்த்தால் ஊதா நிறத்தில் முட்டை வடிவ உருண்டைகள். பாக்டீரியாவைவிடப் பல மடங்கு பெரியவை. சிலவற்றின் ஓரத்தில் ஒரு குட்டி மொட்டு முளைத்திருக்கிறது. அது ஈஸ்ட், அதாவது ஒற்றைச் செல் பூஞ்சை. உடனே வார்டுக்கு போன் போகும்.

தோலில் வாழும் சில பாக்டீரியாக்கள், ஊசி குத்தும்போது தவறிப்போய்ப் புட்டிக்குள் விழுவதுண்டு. அப்போது, ‘இது உள்ளே இருந்ததா, வெளியிலிருந்து கலந்ததா?’ என்று யோசிக்க இடமிருக்கும். கேண்டிடா என்ற இந்த ஈஸ்ட் வளர்ந்தால் அந்தச் சந்தேகத்துக்கே இடம் கொடுப்பதில்லை. ஒரே ஒரு புட்டியில் வளர்ந்திருந்தாலும் நிஜமான தொற்று என்றே எடுத்துக்கொண்டு சிகிச்சை தொடங்குவார்கள். இந்த நிலைக்குப் பெயர் கேண்டிடீமியா. மருத்துவமனை நோயாளிகளின் ரத்தத்தில் பூஞ்சை என்றால் பெரும்பாலும் இதுதான்.

இது யாருக்கு வருகிறது, எத்தனை பேருக்கு வருகிறது, ஏன் ஓரிடத்தில் அதிகம், இன்னோரிடத்தில் குறைவு என்று எண்ணிப் பார்த்துக் காரணம் தேடும் துறைதான் தொற்றுநோயியல். எண்ணுவதில் என்ன பெரிய விஷயம் என்று தோன்றலாம். இந்த நோயைப் பற்றித் தெரிந்தவற்றில் பெரும்பகுதி சரியாக எண்ணியதால் தெரிந்தது. குழப்பங்களில் பெரும்பகுதி தவறாக ஒப்பிட்டதால் வந்தது.

ஏற்கெனவே உள்ளே இருப்பது

கேண்டிடா பெரும்பாலும் வெளியிலிருந்து வந்து தாக்குவதில்லை. ஆரோக்கியமானவர்களில் பாதிப் பேருக்கு மேல் வாயிலோ குடலிலோ அது சாதுவாக இருந்துகொண்டிருக்கிறது. அது எல்லை தாண்டாமல் இருக்க மூன்று காவல்கள் உண்டு. முதலாவது, தோலும் குடல் சுவரும். இரண்டாவது, அக்கம்பக்கத்தில் நெருக்கியடித்துக்கொண்டு வாழும் பாக்டீரியாக் கூட்டம். அது பூஞ்சைக்கு இடம் கொடுக்காது. மூன்றாவது, ரத்தத்தில் இருக்கும் நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுக்கள். எல்லை தாண்டி வந்ததை அவை விழுங்கிவிடும்.

கடுமையான நோயோடு மருத்துவமனையில் சேர்ந்தவருக்கு இந்தக் காவல்கள் ஒவ்வொன்றாகத் தளர்கின்றன. பல வகைப் பாக்டீரியாக்களையும் ஒருசேரக் கொல்லும் ஆன்டிபயாட்டிக் கொடுத்தால், குடலில் நல்ல பாக்டீரியாவும் சாகிறது. காலியான இடத்தில் பூஞ்சை பெருகுகிறது. புற்றுநோய்க்குக் கீமோ கொடுத்தால் நியூட்ரோஃபில் எண்ணிக்கை விழுகிறது. வயிற்றில் அறுவைசிகிச்சை செய்து, குடலில் தையல் போட்ட இடம் கசிந்தால் பூஞ்சை நேரே வெளியே வருகிறது.

அப்புறம் அந்தக் குழாய். ஐசியு பழக்கத்தில் சென்ட்ரல் லைன் என்பார்கள். கழுத்துப் பக்கமோ, காறை எலும்புக்குக் கீழேயோ, தொடை இடுக்கிலோ தோலைத் துளைத்து, பெரிய சிரைக்குள் விடும் மெல்லிய குழாய் அது. மருந்து, திரவம், சில சமயம் முழு உணவே அதன் வழியாகப் போகும். தோலுக்கு வெளியே ஒரு முனை, ரத்தத்துக்குள் மறுமுனை. கேண்டிடா அந்தப் பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொண்டால், தன்னைச் சுற்றிப் பசை போன்ற ஒரு படலத்தைக் கட்டிக்கொள்ளும். படலத்துக்குள் மருந்து சரியாக ஊறாது. அதிலிருந்து அவ்வப்போது செல்கள் பிரிந்து ரத்தத்தில் கலந்துகொண்டே இருக்கும். கேண்டிடீமியா என்று தெரிந்ததும் முடிந்தவரை சீக்கிரம் அந்த லைனை எடுத்துவிடச் சொல்வது இதனால்தான்.

எடை மிகக் குறைந்த குறைப்பிரசவக் குழந்தைகள், டயாலிசிஸில் இருப்பவர்கள், கணைய அழற்சியால் நெடுநாள் படுத்திருப்பவர்கள், சிரை வழி முழு ஊட்டம் பெறுபவர்கள் ஆகியோரும் இந்தப் பட்டியலில் உண்டு. பட்டியலைப் படிக்கும்போது ஒன்று உறுத்தும்: இதில் பாதிக்கு மேல் உயிரைக் காப்பாற்றச் செய்தவை. அமெரிக்க மருத்துவமனைகளின் கண்காணிப்புத் தரவுப்படி, 1980இல் வீடு திரும்பும் 1000 பேருக்கு 2 ஆக இருந்த மருத்துவமனைப் பூஞ்சைத் தொற்று 1990இல் 3.8 ஆனது. அந்தப் பத்தாண்டில் பூஞ்சை திடீரென்று பலம் பெற்றுவிடவில்லை. முன்பெல்லாம் பிழைத்திருக்க வாய்ப்பில்லாத நோயாளிகளைப் பல நாள், பல வாரம் உயிரோடு வைத்திருக்க மருத்துவம் கற்றுக்கொண்டது. அந்த நாட்களில்தான் கேண்டிடாவுக்கு வழி கிடைத்தது.

பின்னத்தின் கீழே நிற்கும் எண்

இப்போது எண்ணும் வேலைக்கு வருவோம். ஒரு கற்பனைக் கணக்கு. முதல் மருத்துவமனையில் ஓர் ஆண்டில் 20 பேருக்குக் கேண்டிடீமியா. இரண்டாவதில் 60 பேருக்கு. எது மோசம்?

இரண்டாவது என்று சட்டென்று சொல்லத் தோன்றும். சரி, எத்தனை பேர் அனுமதிக்கப்பட்டார்கள் என்று கேட்போம். முதலாவதில் 5,000 பேர், இரண்டாவதில் 60,000 பேர். அப்படியானால் 1000 அனுமதிக்கு முதலாவதில் 4, இரண்டாவதில் 1. முடிவு தலைகீழாகிவிட்டது. இன்னும் ஒரு கேள்வி பாக்கி: ஒருவர் சராசரியாக எத்தனை நாள் தங்குகிறார்? முதலாவது பெரும் நோய்களைப் பார்க்கும் இடம்; 16 நாள். இரண்டாவதில் 4 நாள். மொத்தப் படுக்கை நாட்கள் முதலாவதில் 80,000, இரண்டாவதில் 2,40,000. வகுத்துப் பாருங்கள். 10,000 நோயாளி நாட்களுக்கு இரண்டிலும் 2.5.

மூன்று விடைகளும் சரிதான். மேலே இருக்கும் எண் மாறவே இல்லை. பின்னத்தின் கீழே நிற்கும் எண், பள்ளியில் பகுதி என்று படித்தோமே, அது மட்டும் மாறியது. எத்தனை மருந்து வாங்கி வைக்க வேண்டும் என்று கேட்டால் 20, 60 என்ற எண்களே போதும். ஒரு நாள் படுத்திருந்தால் எவ்வளவு ஆபத்து என்று கேட்டால் நோயாளி நாட்கள் வேண்டும். லைனைப் பராமரிப்பது சரியாக நடக்கிறதா என்று கேட்டால், லைன் போட்டிருந்த நாட்களை எண்ணி அதனால் வகுக்க வேண்டும். ஆய்வுகளைப் படிக்கும் யாரும் முதலில் தேட வேண்டியது இந்தக் கீழ் எண்ணைத்தான் என்று நினைக்கிறேன்.

இதை மனதில் வைத்துக்கொண்டு நிஜ எண்களைப் பார்க்கலாம். அமெரிக்காவில் 2013 முதல் 2017 வரை, மக்கள்தொகையில் 1 லட்சம் பேருக்கு ஆண்டுதோறும் சுமார் 9 பேர். நாடு முழுக்க ஏறக்குறைய 25,000 பேர். இந்தியாவில் 27 ஐசியுக்களில் 2011, 2012ஆம் ஆண்டுகளில் நடந்த பெரிய ஆய்வில், ஐசியுவில் சேர்ந்த 1000 பேரில் 6.51 பேர். ஒன்பது பெரிதா, ஆறரை பெரிதா என்று கேட்கவே கூடாது. ஒன்றின் கீழே வீட்டில் நலமாக இருப்பவர்களும் சேர்ந்த மொத்த மக்கள்தொகை. மற்றதன் கீழே தீவிர சிகிச்சையில் இருப்பவர்கள் மட்டும்.

கீழ் எண் ஒன்றாகவே இருந்தாலும் புதிர் தீராத இடங்கள் உண்டு. டென்மார்க், நார்வே, சுவீடன், பின்லாந்து நான்கும் அக்கம்பக்கத்து நாடுகள்; எல்லாவற்றிலும் மருத்துவ வசதி நன்றாக இருக்கிறது. இந்த நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் மக்கள்தொகைக் கணக்கில் எண்ணியபோது, டென்மார்க்கில் மட்டும் மற்றவற்றைப் போல இரண்டு மடங்குக்கும் அதிகமாகக் கேண்டிடீமியா இருந்தது. இப்படி ஒரு வித்தியாசத்தைக் கண்டதும் தொற்றுநோயியல்காரர் முதலில் கேட்பது, ‘அங்கே எவ்வளவு பிளட் கல்ச்சர் எடுக்கிறார்கள்?’ என்றுதான். அதிகம் தேடுபவருக்கு அதிகம் கிடைக்கும். தேடுதலின் அளவைக் கழித்த பிறகும் வித்தியாசம் மிஞ்சினால்தான் ஆன்டிபயாட்டிக் பழக்கம், முதியோர் எண்ணிக்கை, ஐசியு முறை என்று அடுத்த காரணங்களுக்குப் போக முடியும்.

தேடினாலும் எல்லாம் கிடைப்பதில்லை என்பது இன்னொரு சிக்கல். உள்ளுறுப்புகளைத் தாக்கும் கேண்டிடா தொற்றில் பிளட் கல்ச்சர் சுமார் பாதிப் பேரிடம்தான் அதைப் பிடிக்கிறது. ரத்தத்தில் பூஞ்சைச் செல்கள் மிகச் சிலவே இருக்கலாம். கல்லீரலிலோ வயிற்றுக்குள்ளோ பூஞ்சை தங்கிவிட்டு, ரத்தத்தில் ஒன்றுமே இல்லாமல் போகலாம். ஆக நாம் பார்க்கும் எந்த எண்ணும் தரைமட்ட எண். உண்மை அதற்கு மேலே எங்கேயோ இருக்கிறது. 2024இல் வெளியான ஓர் உலகளாவிய மதிப்பீடு, ஆண்டுக்குச் சுமார் 15.65 லட்சம் பேருக்கு ரத்தத்திலோ உள்ளுறுப்புகளிலோ கேண்டிடா தொற்று வருவதாகவும் 9.95 லட்சம் பேர் இறப்பதாகவும் கணக்கிட்டது. கல்ச்சரில் பிடிபடாதவர்களையும் ஊகித்துச் சேர்த்த எண் இது. கல்ச்சர் வசதியே இல்லாத மருத்துவமனைகள் எத்தனையோ இருக்கும் உலகில், ஊகிக்காமல் வேறு வழியும் இல்லை.

எந்தக் கேண்டிடா?

கேண்டிடா என்பது ஒரு குடும்பப் பெயர் மாதிரி. அல்பிகன்ஸ், கிளப்ராட்டா, பாராப்சிலோசிஸ், டிராபிகாலிஸ், குருசி ஆகிய ஐந்தும் நெடுங்காலமாகப் பத்தில் ஒன்பது தொற்றுக்கு மேல் காரணமாக இருந்துவந்தன. அல்பிகன்ஸ்தான் உலகில் பரவலாக முதலிடம். ஆனால் மேலே சொன்ன இந்திய ஆய்வில் டிராபிகாலிஸ் 41.6 சதவீதத்தோடு முன்னே நின்றது. ஒரு நாட்டின் புள்ளிவிவரத்தை வைத்து இன்னொரு நாட்டில் மருந்து தேர்ந்தெடுக்கக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

வகை தெரிந்தால் அது வந்த வழியும் ஓரளவு தெரியும். பாராப்சிலோசிஸ் கைகளில் ஒட்டிக்கொண்டு போகும். குழாய்களையும் சர்க்கரை மிகுந்த ஊட்டத் திரவத்தையும் விரும்பும். பச்சிளங்குழந்தைகள் வார்டில் அது கூடினால் கை கழுவும் பழக்கத்தைத்தான் முதலில் கவனிப்பார்கள். கிளப்ராட்டா முதியவர்களிடம் அதிகம். குருசிக்கு, பரவலாகப் பயன்படும் பூஞ்சை மருந்தான ஃப்ளூகோனசோல் இயல்பிலேயே வேலை செய்யாது.

இறப்பைக் கணக்கிடுவது

இந்திய ஆய்வில் 30 நாட்களுக்குள் இறந்தவர்கள் 44.7 சதவீதம். அமெரிக்காவில் 1995 முதல் 2002 வரை 49 மருத்துவமனைகளில் ரத்தத் தொற்றுகளைக் கணக்கெடுத்தபோது, கேண்டிடா வந்தவர்களில் ஏறக்குறைய 40 சதவீதம் பேர் இறந்திருந்தார்கள். பயங்கரமான எண்கள்தான். ஆனால் இவ்வளவு பேரையும் கொன்றது பூஞ்சைதானா?

ஐசியுவில் பல உறுப்புகள் செயலிழந்து கிடக்கும் ஒருவருக்குக் கேண்டிடீமியா வந்து அவர் இறந்தால், பூஞ்சை வராமலிருந்தால் பிழைத்திருப்பாரா என்று தனியொருவர் விஷயத்தில் சொல்ல முடியாது. கூட்டமாகப் பார்த்தால் ஓரளவு சொல்லலாம். தொற்று வந்த ஒவ்வொருவருக்கும் இணையாக அதே வயது, அதே நோய், அதே அளவு மருத்துவமனை நாட்கள் கொண்ட, ஆனால் தொற்று வராத ஒருவரைத் தேடிப் பக்கத்தில் நிறுத்துவார்கள். இரண்டு கூட்டத்தின் இறப்பு விகிதத்தையும் கழித்தால் மிஞ்சுவது பூஞ்சையின் பங்கு. அமெரிக்காவில் 1988இல் வெளியான ஓர் ஆய்வில் இந்தப் பங்கு 38 சதவீதம் என்று வந்தது. 2005இல் வெளியான இன்னொன்றில், பெரியவர்களிடம் 14.5 சதவீதம், குழந்தைகளிடம் 10 சதவீதம். ஏன் இவ்வளவு வித்தியாசம்? ‘இணை’ என்று யாரைப் பிடித்து நிறுத்துகிறோம் என்பதில்தான் முக்கால்வாசி இருக்கிறது. நோயின் தீவிரத்தைச் சரியாகப் பொருத்தாவிட்டால் அந்தத் தீவிரத்தின் பழியும் பூஞ்சையின் தலையில் விழும்.

குறைந்த எண்ணையே எடுத்துக்கொண்டாலும் அது சிறியதில்லை. பெரியவர்களில் ஏழு பேரில் ஒருவர், இந்தத் தொற்று வந்த ஒரே காரணத்தால் இறக்கிறார்.

2006இல் வெளியான ஓர் ஆய்வு, நேரம் எவ்வளவு முக்கியம் என்பதைக் காட்டியது. நான்கு மருத்துவமனைகளில் 230 நோயாளிகள். கல்ச்சருக்கு ரத்தம் எடுத்த அன்றே ஃப்ளூகோனசோல் தொடங்கியவர்களில் 15 சதவீதம் இறந்தார்கள். மறுநாள் தொடங்கியவர்களில் 24. அதற்கு அடுத்த நாள் 37. அதற்கும் பிறகு தொடங்கியவர்களில் 41. இப்போது முதலில் சொன்ன புட்டியை நினைத்துப் பாருங்கள். அது ஒலி எழுப்பவே இரண்டு நாள் ஆகிறது. கல்ச்சர் முடிவு வரும்வரை காத்திருந்தால் அதற்குள் பாதி வாய்ப்பு கைநழுவிவிடுகிறது. அதற்காக ஐசியுவில் இருக்கும் எல்லாருக்கும் பூஞ்சை மருந்து கொடுத்துவிடலாமா என்றால், எதிர்ப்புத்திறன் பெற்ற பூஞ்சைகள் பெருகும். யாருக்கு ஆபத்து அதிகம் என்று முன்கூட்டியே கணிப்பது அவசியமாவது இங்கேதான். குழாய், அறுவைசிகிச்சை, ஆன்டிபயாட்டிக், தங்கிய நாட்கள் என்று மேலே பார்த்த பட்டியல் படுக்கையருகே பயன்படுவதும் இங்கேதான். இந்திய ஐசியுக்களில் தொற்று பிடிபட்டது, வரிசையில் நடுவில் நிற்பவரை எடுத்துக்கொண்டால், சேர்ந்த எட்டாம் நாள்.

குறைக்கவும் முடியும். அமெரிக்காவில் அட்லாண்டா, பால்டிமோர் பகுதிகளில் ஒரே முறையில் தொடர்ந்து எண்ணிவந்தார்கள். 2008க்கும் 2013க்கும் இடையில், 1 லட்சம் பேருக்கு அட்லாண்டாவில் 14.1 ஆக இருந்தது 9.5 ஆனது, பால்டிமோரில் 30.9 ஆக இருந்தது 14.4 ஆனது. புது மருந்து எதையும் காரணமாகச் சொல்லவில்லை. லைன் போடும்போது கை கழுவுவது, தோலைச் சரியாகச் சுத்தம் செய்வது, முழுத் துணி மூடி வேலை செய்வது, ‘இன்றைக்கும் இந்த லைன் தேவையா?’ என்று தினமும் கேட்பது போன்ற பழக்கங்கள் அந்த ஆண்டுகளில் பரவின. சரிவில் அவற்றுக்குப் பெரும் பங்கு இருக்கும் என்றே கருதப்படுகிறது.

ஒரு புது ஆள்

கேண்டிடா பெரும்பாலும் உள்ளிருந்தே வருகிறது என்று இதுவரை சொல்லிவந்தேன். கேண்டிடா ஆரிஸ் அந்த வழக்கத்தை உடைத்தது. 2009இல் ஜப்பானில் ஒரு நோயாளியின் காதிலிருந்து எடுத்து அதைப் புது இனமாக விவரித்தார்கள். ஆரிஸ் என்றால் லத்தீனில் காது. அடுத்த சில ஆண்டுகளில் தென்கொரியா, இந்தியா, தென்னாப்பிரிக்கா, வெனிசுவேலா என்று ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இடங்களில் நோயாளிகளின் ரத்தத்தில் தென்பட்டது. மரபணுவைப் படித்தபோது, தெற்காசியா, கிழக்காசியா, ஆப்பிரிக்கா, தென்னமெரிக்கா என்று நான்கு கிளைகள் தனித்தனியாகத் தலைதூக்கியிருப்பது தெரிந்தது. ஓரிடத்திலிருந்து உலகமெங்கும் பரவியதல்ல அது.

இது தோலில் குடியேறுகிறது. கட்டில் கம்பியிலும் கருவிகளிலும் பல நாட்கள் உயிரோடு கிடக்கிறது. சில வகைக் கிருமிநாசினிகளுக்கு மசிவதில்லை. ஃப்ளூகோனசோலுக்கு மிகப் பெரும்பாலும் கட்டுப்படாது. வழக்கமான ஆய்வகக் கருவிகள் தொடக்கத்தில் இதை வேறு இனம் என்று தவறாகக் காட்டியதால் எண்ணிக்கையிலும் விட்டுப்போனது. உலக சுகாதார நிறுவனம் 2022 அக்டோபரில் முதல்முறையாக வெளியிட்ட முக்கியப் பூஞ்சைகள் பட்டியலில், மிக அவசரமான நான்கில் ஒன்றாக இதைச் சேர்த்தது. அல்பிகன்ஸும் அந்த நான்கில் உண்டு.

இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டில் நரம்பியல் ஐசியு ஒன்றில் 2015 தொடங்கி ஆரிஸ் பரவியபோது, 70 பேரிடம் அது இருந்தது. பெரும்பாலோருக்குத் தோலில் மட்டும், சிலருக்கு உடலுக்குள். சுவர், தரை, கட்டில் என்று தேடினார்கள், அதிகம் கிடைக்கவில்லை. நோயாளிகளின் பதிவேடுகளை வரிசையாக வைத்து, ஆரிஸ் வந்தவர்களுக்கு எது பொதுவாக இருந்தது, வராதவர்களுக்கு எது இல்லை என்று ஒப்பிட்டார்கள். அக்குளில் வைத்து வெப்பநிலை பார்க்கும், திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் ஒரு சின்ன உணர்கருவி மேலெழுந்து வந்தது. ஒரு நோயாளியின் தோலிலிருந்து எடுத்து, துடைத்து, அடுத்தவரின் அக்குளில் வைக்கும் பொருள். அந்தக் கருவிகளில் தேடியபோது பூஞ்சை இருந்தது. அதன் மரபணு நோயாளிகளிடம் இருந்ததோடு ஒத்துப்போனது. கருவிகளை வார்டிலிருந்து எடுத்த பிறகுதான் புதிதாக வருபவர்களின் எண்ணிக்கை இறங்கியது.